பிரெய்ரி வசந்தத்துக்கு ஒரே ஒரு வாரம்: பிளாட் ஆறா, ஃபிளின்ட் ஹில்ஸா, பேட்லாண்ட்ஸா?

வட அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் பிரெய்ரிப் புல்வெளிக்கு வசந்த காலத்தில் கேமராவோடு போக நினைப்பவர்களுக்கு எழும் முதல் சிக்கல், அந்த வசந்தம் எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை என்பதுதான். நெப்ராஸ்காவில் மார்ச் கடைசியில் கொக்குகள் பிளாட் ஆற்றை நிறைத்திருக்கும்போது கான்சஸின் ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில் போன வருடத்துப் புல் வைக்கோலாக நின்றுகொண்டிருக்கும். ஏப்ரலில் அந்த வைக்கோலில் நெருப்பு ஓடும் நாட்களில் கொக்குகள் வடக்கே கிளம்பத் தொடங்கியிருக்கும். தெற்கு டகோட்டாவின் பேட்லாண்ட்ஸில் பைசன் கன்றுகள் துள்ளும் மே மாத நடுவிலோ, கான்சஸில் நெருப்பின் சுவடே தெரியாதபடி பச்சை மூடியிருக்கும். மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க வழியில்லை.

சிகாகோவில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன குளிர்காலத்தில் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணா, ஒரு வாரம்தான் லீவு. மிருகமும் வேணும், நிலமும் வேணும். எங்க போகட்டும்?" அவனிடம் 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று, அகலக் கோண லென்ஸ் ஒன்று, சுமாரான ட்ரைபாட் ஒன்று. இந்த மூன்று இடங்களுக்கும் நான் பல வசந்தங்களில் போய் வந்திருப்பதால் உடனே பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், சொல்ல முடியவில்லை. அப்போது யோசித்தவற்றையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

பிளாட் ஆற்றிலிருந்து தொடங்குகிறேன். டெக்சஸ், நியூ மெக்சிகோ, மெக்சிகோ ஆகிய பகுதிகளில் குளிர்காலத்தைக் கழித்த சாண்ட்ஹில் கொக்குகள், கனடாவுக்கும் அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் கூடு கட்டப் போகும் வழியில், மத்திய நெப்ராஸ்காவில் லெக்சிங்டனுக்கும் கிராண்ட் ஐலண்டுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 130 கிலோமீட்டர் நீள ஆற்றுப் பகுதியில் சில வாரங்கள் தங்குகின்றன. பிப்ரவரி நடுவில் வரத் தொடங்கி, மார்ச் மூன்றாம், நான்காம் வாரங்களில் உச்சத்தைத் தொட்டு, ஏப்ரல் நடுவுக்குள் பெரும்பாலானவை போய்விடும். எண்ணிக்கை ஐந்து லட்சத்துக்கும் மேல். உலகிலுள்ள சாண்ட்ஹில் கொக்குகளில் பத்தில் எட்டு இந்த வழியாகவே போகின்றன என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. (கொக்கு என்றதும் நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கை நினைத்துவிடக் கூடாது. அது வேறு குடும்பம். இது சாம்பல் நிறம், நெற்றியில் சிவப்பு, சிறகை விரித்தால் ஏறக்குறைய ஆறடி.)

பகலில் இவை அறுவடை முடிந்த வயல்களில் சிந்திக் கிடக்கும் மக்காச்சோள மணிகளைப் பொறுக்கித் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்கின்றன. பொழுது சாய்ந்ததும் கூட்டம் கூட்டமாக ஆற்றுக்குத் திரும்பி, கால் நனையும் அளவுத் தண்ணீரில், மணல் திட்டுகளின் ஓரமாக நின்றபடியே உறங்குகின்றன. கொயோட்டி என்னும் ஓநாய் இனத்துச் சிறு மிருகம் நெருங்கினால் தண்ணீர்ச் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். இந்த ஏற்பாட்டுக்கு அகலமான, ஆழமில்லாத, மரமில்லாத ஆறு வேண்டும். அணைகளும் பாசனமும் நீரைக் குறைத்துவிட்டதால் பல திட்டுகளில் மரமும் புதரும் மண்டிவிட்டன. எனவே பறவைப் பாதுகாப்புக்கான ஆடுபான் அமைப்பின் ரோ சரணாலயம், கிரேன் டிரஸ்ட் போன்றவர்கள் வெட்டிச் சீர்செய்து வைத்திருக்கும் பகுதிகளில்தான் பறவைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. படம் எடுப்பவருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு: காட்டுயிர்ப் படத்தில் வழக்கமாகத் தேடல்தான் பாதி வேலை, இங்கே தேட வேண்டியதே இல்லை. அவை எங்கே வரும், எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதெல்லாம் முன்பே தெரியும்.

ஆற்றங்கரையில் ஒட்டுப்பலகையால் அடைத்த மறைவுக் குடில்களில் இடம் பிடித்து உட்கார வேண்டும். பொதுப் பார்வையாளர்களுக்கு இரண்டு மணி நேரம்போல இருக்கும் குடில்கள் ஒரு வகை. படம் எடுப்பவர்களுக்கென்றே உள்ள சிறிய குடில்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவதில் பறவைகள் வருவதற்கு முன் மாலையிலேயே உள்ளே போய்விட வேண்டும். மறுநாள் காலை அவை கிளம்பிய பிறகுதான் வெளியே வர முடியும். நடுவில் கதவைத் திறந்தால் ஆயிரக்கணக்கான பறவைகள் இருட்டில் எழுந்துவிடும் என்பதால் இதில் சமரசமே இல்லை. ஃபிளாஷ் கிடையாது, கேமராவின் பின்திரை வெளிச்சம் கூடாது, பேச்சும் கூடாது. நான் போன இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி. பேட்டரிகளை உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படுத்தேன். விடிவதற்கு முன் முக்கால் மணி நேரம் சத்தம் மட்டும்தான் இருந்தது. உருளும் தொண்டையிலிருந்து வருவது போன்ற கரகரத்த அழைப்பு, ஒன்றல்ல, பல்லாயிரம். பிறகு சாம்பல் நிறத்தில் ஆறு தெரிந்தது. நான் திட்டு என்று நினைத்திருந்ததெல்லாம் பறவை. ஏழரை மணியளவில் வெயில் தொடும் நேரம் ஒரு வெண்தலைக் கழுகு தாழப் பறந்து வந்தது, ஆறு மொத்தமாக எழுந்தது. ஐஎஸ்ஓ 6400 வைத்தும் எனக்குக் கிடைத்த ஷட்டர் வேகம் பறக்கும் சிறகை நிறுத்தப் போதவில்லை. பிறகு வேகத்தை வேண்டுமென்றே 1/15 நொடிக்கு இறக்கி, கூட்டத்தோடு கேமராவை நகர்த்தி எடுத்தேன். அந்தப் பயணத்தில் நான் இன்னும் வைத்திருக்கும் படங்களில் பாதி, அப்படி அசைவில் கரைந்தவை.

குறை எங்கே என்றால், நிலத்தில். மார்ச் மாத நெப்ராஸ்கா பழுப்பு நிறம்; சுற்றிலும் சோளத் தாள், மின்கம்பி, தானியக் குதிர். உழவு படாத பிரெய்ரி என்று சொல்லத்தக்க நிலம் ஆற்றை ஒட்டி ஆங்காங்கே மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஆற்றின் மேல் சூரியன் இறங்கும்போது கொக்குகளை நிழலுருவாக எடுக்கும் படம் ஒன்று உண்டு, அது அழகானது. ஆனால் மூன்றாவது மாலையில் எடுத்தாலும் அதே படம்தான் வரும். ஒரு வாரம் முழுக்கத் தங்கினால் நான்காம் நாளிலிருந்து ஆள் சலித்துப்போவார். வேண்டுமானால் மீதி நாட்களில் வடக்கே சாண்ட்ஹில்ஸ் மணற்குன்றுப் புல்வெளிக்குப் போய், விடியற்காலையில் பிரெய்ரிக் கோழிகள் ஆடுவதைப் பார்க்கலாம். இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். இப்படிச் சேர்த்தால் இந்தத் தேர்வின் மதிப்பு கூடுகிறது.

கான்சஸின் ஃபிளின்ட் ஹில்ஸ் இதற்கு நேர் எதிர். இங்கே நிலம்தான் எல்லாம். உயர்புல் பிரெய்ரி ஒரு காலத்தில் 17 கோடி ஏக்கரில் பரந்திருந்தது. மிஞ்சியிருப்பது நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை, அதில் பெரும்பகுதி இந்தக் குன்றுகளில்தான். காரணம், சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊடாடும் சிக்கிமுக்கிக் கல். கலப்பை இறங்காததால் குடியேறிய விவசாயிகள் இதை மேய்ச்சலுக்கு விட்டுவிட்டார்கள். ஸ்ட்ராங் சிட்டிக்கு அருகில் 1996-இல் அமைக்கப்பட்ட உயர்புல் பிரெய்ரி தேசியப் பாதுகாப்பகம் ஏறக்குறைய 11,000 ஏக்கர். 2009-இல் அங்கே பைசன்களையும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். மேன்ஹாட்டன் நகரின் பக்கம் கோன்சா பிரெய்ரி ஆய்வு நிலையமும் நடைபாதைகளோடு இருக்கிறது. (நியூயார்க் மேன்ஹாட்டன் அல்ல, கான்சஸிலும் ஒன்று உண்டு.)

உயர்புல் என்ற பெயரைக் கேட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். ஆளை மறைக்கும் புல் செப்டம்பரில்தான். வசந்தத்தில் அது கணுக்கால் உயரம். அந்தப் பருவத்தில் இங்கே எடுக்க வேண்டியது நெருப்பு. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் பண்ணைக்காரர்கள் பழைய புல்லை எரிக்கிறார்கள். எரிக்காவிட்டால் ஜூனிப்பர் மரங்கள் ஏறிப் புல்வெளியே காடாகிவிடும். எரித்த இடத்தில் முளைக்கும் தளிர் மாட்டுக்கும் பிடிக்கும். காவ், ஓசேஜ் பூர்வகுடி மக்கள் இந்த மண்ணில் இருந்த காலத்திலும் நெருப்பு இருந்தது. சூரியன் மறைந்து வானம் கருநீலமாகும் அரை மணி நேரத்தில், குன்றின் வளைவைப் பிடித்தபடி ஊர்ந்து போகும் தீக்கோட்டைத் தொலைவிலிருந்து 200 மி.மீ.இல் எடுக்கும் படத்துக்கு இணையாக பிரெய்ரியில் வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எரிந்து இரண்டு வாரத்தில் கரிய தரையில் பச்சை ஊசிகள் கிளம்புவதும் தனி அழகு.

ஆனால் அந்த நெருப்புக்கு முன்பதிவு கிடையாது. காற்றின் வேகம், திசை, ஈரப்பதம் மூன்றும் ஒத்துவரும் நாளில்தான் பண்ணைக்காரர் தீ வைப்பார். அன்று காலையில்தான் அவருக்கே தெரியும். நான் ஒரு ஏப்ரலில் ஐந்து நாள் தங்கி, ஐந்து நாளும் மழையையும் பெருங்காற்றையும் பார்த்துவிட்டு வந்தேன். நான் கிளம்பிய மறுநாள் அடிவானம் முழுக்கப் புகை என்று விடுதிக்காரர் செய்தி அனுப்பினார். நிலம் பெரும்பாலும் தனியாருடையது, வேலி தாண்டக் கூடாது. சாலையோரத்தில் காற்று வரும் பக்கமாக நின்று, தப்பிக்கும் வழியைப் பார்த்து வைத்துக்கொண்டே எடுக்க வேண்டும். கவுன்சில் குரோவிலிருந்து காசொடே வரை போகும் 177-ஆம் எண் சாலை இதற்குத் தோதானது. பிரெய்ரிக் கோழிகளின் ஆட்டமும் ஏப்ரலில்தான் உச்சம். சேவல்கள் கழுத்தின் ஆரஞ்சுப் பையை ஊதி, காலைத் தரையில் படபடவென்று அடிக்கும். அதற்கும் பண்ணைக்காரர் யாராவது அனுமதித்து அமைத்த குடில் வேண்டும். ஆகவே ஃபிளின்ட் ஹில்ஸைக் கான்சஸ் சிட்டி, விச்சிட்டா போன்ற ஊர்களில் இருந்துகொண்டு, காற்று தணிந்த மாலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடியவர்களுக்கு மட்டுமே நான் சொல்லுவேன். ஜனவரியில் விமானச் சீட்டு வாங்கிவிட்டு இதற்குப் போவது சூதாட்டம்.

மூன்றாவது, தெற்கு டகோட்டா: பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவும் கஸ்டர் மாநிலப் பூங்காவும் சேர்ந்த பயணம். ரேப்பிட் சிட்டியில் விமானம் இறங்கினால் இரண்டுமே ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவு, ஒன்று கிழக்கே, ஒன்று தெற்கே. பைசன்கள் பேட்லாண்ட்ஸில் ஆயிரத்துக்கும் மேல், கஸ்டரிலும் ஆயிரத்துக்கும் மேல். நம்மூர் வனத்துறையினர் பேச்சுவழக்கில் பைசன் என்று குறிப்பிடும் காட்டுமாட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதற்குத் தோளில் பெரிய திமில், முகமெல்லாம் மயிர். கன்றுகள் ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை பிறக்கின்றன. பிறந்த கன்று செம்மண் நிறத்தில் இருக்கும். கோடை முதிர முதிரத்தான் கருக்கும். தாயின் கரிய உடம்பை ஒட்டி அந்தச் செம்மண் நிறக் கன்று, கீழே புதுப் பச்சை, பின்னால் இளஞ்சிவப்பும் வெண்மையுமாய் அடுக்கடுக்கான மண்மேடுகள்: மிருகமும் நிலமும் ஒரே சட்டத்துக்குள் வருவது இங்கேதான். அந்தப் பச்சை சில வாரங்களுக்குத்தான். ஜூலையில் போனால் எல்லாம் காய்ந்த புல் நிறம்.

பேட்லாண்ட்ஸில் என் நேரத்தில் பெரும்பகுதி சேஜ் கிரீக் ரிம் சாலை என்னும் மண்சாலையில் கழிகிறது. காலையில் அந்தச் சாலையில் ஓட்டினால் ஒரு பக்கம் அரித்துப்போன சுவர்கள், மறுபக்கம் மேயும் பைசன்கள், நடுவில் ராபர்ட்ஸ் பிரெய்ரி நாய் குடியிருப்பு. பெயரில்தான் நாய், அணில் குடும்பம். வளைவாயிலில் நிமிர்ந்து நின்று அபாயக் குரல் கொடுக்கும்போது உடம்பே துள்ளிவிடும். காலி வளைகளில் சில வருடங்களில் வளை ஆந்தைகளும் இருக்கும். பினக்கிள்ஸ் பார்வை முனை அருகே பெருங்கொம்புச் செம்மறிகள் பள்ளத்தின் விளிம்பில் நின்று கொடுக்கும். வேலிக் கம்பத்தில் மெடோலார்க் பறவை பாடும். மஞ்சள் மார்பில் கறுப்பு வி எழுத்து, கார் நின்றாலும் பாட்டை நிறுத்தாது. கஸ்டரில் 29 கிலோமீட்டர் வனவிலங்குச் சுற்றுச்சாலை இருக்கிறது. மான் போன்ற ப்ராங்ஹார்ன்களும், காரின் ஜன்னலுக்குள் தலை நீட்டும் கழுதைகளும் அங்கே வழக்கம்.

இங்கே காரே மறைவிடம். இஞ்சினை நிறுத்திவிட்டு ஜன்னலை இறக்கி, பழைய துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியைக் கட்டி விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால், எந்த ட்ரைபாடும் தராத நிலைப்பு கிடைக்கும். ஹீட்டரையும் நிறுத்திவிட வேண்டும். உள்ளிருந்து வெளியேறும் சூட்டுக்காற்று லென்ஸின் முன்னால் அலையடித்துக் கூர்மையைக் கெடுத்துவிடும். இதே காரணத்தால் மே மாதத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல் தூரத்து மிருகத்தை எடுப்பதில் பயனில்லை: தரையிலிருந்து எழும் கானல் எல்லாவற்றையும் குழைத்துவிடும். 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகும் என்று நினைப்பவர்கள் பெரிதாக்கப்பட்ட கானலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். கன்றோடு இருக்கும் பைசனிடமிருந்து நூறு கஜமாவது விலகியிருப்பது என் வழக்கம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய மிருகம் அது. வால் கொம்புபோல் நிமிர்ந்தால் காருக்குத் திரும்பிவிட வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. சூரியன் ஐந்தரைக்கு முன்பே உதித்து எட்டு மணிக்கு மேல் மறைவதால் நல்ல வெளிச்சத்துக்காகத் தூக்கத்தைப் பறிகொடுக்க வேண்டும். புல்லில் உண்ணி, பாறையில் விரியன் இனத்துச் சலங்கைப் பாம்பு. இடியும் ஆலங்கட்டியும் மாலையில் சொல்லாமல் வரும், ஆனால் அந்த மேகங்கள்தான் தட்டையான நிலத்துக்கு உயரம் கொடுக்கின்றன என்பதால் இதைக் குறை என்று முழுதாகச் சொல்ல மாட்டேன். உண்மையான தொல்லை மண்சாலை. மழை பெய்தால் அந்தக் களிமண் பசையாகிவிடும். வாடகைக் கார் நிறுவனம் ஒன்று, நான் கேட்ட உயரமான வண்டி இல்லையென்று தாழ்ந்த செடான் ஒன்றைத் தலையில் கட்டியது. முதல் மழையில் நான்கு சக்கரத்திலும் களிமண் அப்பி, வெயில் வந்து காயும்வரை நான்கு மணி நேரம் நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சரிவில் ஒரு கிழட்டு ஆண் பைசன் அத்தனை நேரமும் புரண்டு புரண்டு புழுதிக் குளியல் போட முயன்று, ஈரத்தில் சேற்றுக் குளியல்தான் வாய்த்தது. அன்றைய நல்ல படங்கள் எல்லாம் அதிலிருந்துதான்.

டொராண்டோ நண்பர்கள் சஸ்காட்செவன் மாநிலத்தின் கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவைப் பற்றிக் கேட்பதுண்டு. கறுப்பு வால் பிரெய்ரி நாய்கள் கனடாவில் இயற்கையாக வாழும் ஒரே பகுதி அது. 2005-இல் பைசன்களும் திரும்ப வந்தன. இரவு வானம் மாசற்றது. மே கடைசியில் போகலாம். வால் மேரி என்ற சிற்றூரைத் தவிர அருகில் வசதி குறைவு, விமான நிலையமும் தொலைவு. மூன்று இடங்களில் ஒன்றையாவது பார்த்தவருக்கு இரண்டாம் பயணமாக அது பொருந்தும்.

ஆக, 400 மி.மீ.வரை லென்ஸ் வைத்திருந்து, மிருகமும் நிலமும் இரண்டுமே வேண்டுமென்பவருக்கு என் தேர்வு மே இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில் தெற்கு டகோட்டா. ஐந்து நாளில் மூன்று பேட்லாண்ட்ஸுக்கு, இரண்டு கஸ்டருக்கு. ஒரு நாள் மழையில் போனாலும் மீதி நாட்கள் ஈடுகட்டிவிடும் என்பது இதன் பெரிய பலம். ஒரே ஒரு காட்சிக்காக நடுங்கிக்கொண்டு காத்திருக்கத் தயங்காதவர் பிளாட் ஆற்றுக்குப் போகலாம், மூன்று நாள் போதும். அந்த மூன்று நாளில் கிடைப்பதை டகோட்டாவின் ஒரு மாதம்கூடத் தராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தம்பிக்கு டகோட்டாதான் என்று சொன்னேன். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை மார்ச் கடைசி வாரத்தில் வருகிறது, மே மாதம் நகர முடியாது என்று அவன் மனைவி சொல்லிவிட்டதால் கொக்குகளே முடிவாயின. ஏழு வயதுப் பையனை இரண்டு மணி நேரம் பேசாமல் குடிலில் உட்கார வைப்பது நடக்காத காரியம். எனவே கியர்னி பக்கம் ஃபோர்ட் கியர்னியில், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விடப்பட்டிருக்கும் பழைய ரயில் பாலத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். நெப்ராஸ்கா பூங்கா நுழைவுச் சீட்டு மட்டும் வாங்கினால் போதும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ப் பாலத்தின் மேற்குக் கைப்பிடி ஓரம் இடம் பிடித்துவிட வேண்டும். அகலக் கோண லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஜூமைத் தம்பி மனைவியிடம் கொடுத்துவிடலாம். பையனுக்கு ஒரு பைனாகுலரும் இரண்டு ஜோடிக் கையுறையும்.